தலையணைக்குள் ஒரு கசெட்

இடது கை தலையணையின் வயிற்றுக்குள் போய்விட்டது என்றால் சீனிமுகம்மதுக் காக்கா நல்ல மனநிலையில் இருக்கிறார் என்று பொருள். தைத்துக்கொண்டிருந்த மெத்தையில் ஊசியைக் குத்தி நிறுத்துவார். ஒரு சாண் நீளமுள்ள அந்த மெத்தை ஊசி சற்று நேரம் ஆடிக்கொண்டு நிற்கும். மூலையில் கிடக்கும் பழைய தலையணையை இழுத்து மடியில் போட்டு, ஓரத்தில் தைக்காமல் விட்டிருக்கும் பிளவுக்குள் கையை நுழைத்துத் துழாவுவார். துழாவ வேண்டிய தேவையே இல்லை, சாமான் எங்கே கிடக்கிறதென்று அவருக்கு நன்றாகத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்காகத்தான் அந்தத் துழாவல். பிறகு இலவம் பஞ்சு ஒட்டிய கசெட் ஒன்று வெளியே வரும். இரண்டு தரம் ஊதுவார். பறந்த பஞ்சு திரும்பி வந்து அவருடைய புருவத்திலேயே உட்காரும்.

ஊருக்கே அவர் அண்ணன், அதுதான் காக்கா. சாய்ந்தமருதில் பிரதான வீதியோரமாக அவருடைய வீடு. முன்னறைதான் கடை. ஒரு சீலைத் திரை கடையையும் வீட்டையும் பிரிக்கிறது. நான் இரண்டு வீடு தள்ளி இருப்பவன், பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவன், பின்னேரங்களில் வீட்டுக்குப் போக மனமில்லாதவன். அதனால் அந்த முன்னறையில் எனக்கென்று ஒரு பஞ்சு மூட்டை உண்டு. அதில் உட்கார்ந்தால் எழும்பும்போது பின்பக்கம் தட்ட வேண்டும் என்பதைத் தவிர வேறு குறை சொல்ல முடியாது.

பகலில் காக்காவைப் பார்க்கிறவர்கள் எழுபது வயது என்பார்கள். தலை, தாடி, இமை, காதோரம் எல்லாம் பஞ்சின் வெள்ளை. மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னால் கிணற்றடியில் நாலு வாளி ஊற்றிக்கொண்டு வந்தால் ஐம்பதுக்கு இறங்கிவிடுவார். புதிதாகக் குடிவந்த ஒருவர், காலையில் தகப்பனிடம் மெத்தைக்குச் சொல்லிவிட்டு மாலையில் மகனிடம் விசாரித்ததாக நினைத்து ஒரு மாதம் இருந்தார். காக்கா திருத்தவில்லை. "இருந்துட்டுப் போகட்டும் மாஸ்டர், எனக்கு வாப்பா மௌத்தாகிக் கனகாலம், இப்பிடியாச்சும் ஒரு வாப்பா இருக்கட்டுமே" என்றார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுக்கிறோம். வீடென்றால் கட்டில், கட்டிலென்றால் மெத்தை. ஆகவே கலியாணம் பேசி முடித்தால் பள்ளிவாசல் லெப்பையிடம் போகிறார்களோ இல்லையோ காக்காவிடம் வந்துவிடுவார்கள். மருதமுனையில் நெய்த தடித்த துணியை உறையாக வெட்டித் தைத்து, கொட்டை கடைந்தெடுத்த இலவம் பஞ்சை உள்ளே அடைத்து, கம்பால் நாலு மூலைக்கும் தள்ளி, ஊசியால் குத்திக் குத்திக் கட்டுவார். ஊரில் பாதிப் பேர் அவர் தைத்த மெத்தையில்தான் தூங்குகிறார்கள். அவர் மட்டும் பாயில் படுப்பார். ஏன் என்று கேட்டால், "மெத்தையில படுத்தா என்ர முதுகு வேல செய்யத் தொடங்கிரும் மாஸ்டர். இஞ்ச பஞ்சு கூடிட்டு, அங்க குறைஞ்சிட்டு எண்டு விடிய விடியத் தேடும். தூக்கம் எங்க வாற?" என்பார்.

கசெட்டுக்கு வருகிறேன். ரேடியோ கசெட் பெட்டி அலுமாரியின் மேல்தட்டில், ஒரு துண்டால் போர்த்தி இருக்கும். கசெட்டைப் போட்டுப் பொத்தானை அமத்தியதும் முதலில் வருவது பாட்டு அல்ல. தேங்காய் துருவும் சத்தம். அது அவருடைய மனைவி சல்மா உம்மா, பத்து வருடத்துக்கு முந்திய சல்மா உம்மா, ஏதோ ஒரு கறிக்காகத் துருவியது. பிறகு ஒரு சைக்கிள் மணி. பிறகு காக்காவின் இளைய குரல், "கனகு, தொடங்குவமா?" என்று கேட்கும். அதற்குப் பதில் வாயால் வராது. புல்புல்தாராவின் தந்திகள் 'ஜிலீர்' என்று ஒருமிக்க அதிர்வதுதான் பதில். அதன் பின்னால் காக்கா கவி பாடுவார். அவரே கட்டிய கவிகள். மூன்று கவி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் புல்புல்தாரா தனியாகப் போய்த் திரும்பி வரும். கடைசிக் கவிதான் எல்லோரும் கேட்டு வருவது.

பஞ்சு மெத்தை தச்சுப் போட்டும்
பாயில் வந்து படுக்கிறனே
நெஞ்சுக்குள்ள நீ கிடந்து
நெடுகக் கதைச்சா என்ன செய்ய

இந்த இடத்தில் திரைக்குப் பின்னாலிருந்து தவறாமல் சல்மா உம்மாவின் கேள்வி வரும். "ஆரு அந்த 'நீ' எண்டு இண்டைக்காச்சும் வாயால செல்லச் செல்லுங்க மாஸ்டர்." காக்கா ஊசிக்கு நூல் கோப்பதில் திடீரென்று மும்முரமாகிவிடுவார். "மெத்தையத்தான் பாடின, வேற ஆர?" என்பார். "மெத்தை எங்க நெடுகக் கதைக்கிற?" என்று உள்ளேயிருந்து வரும். இந்த வழக்கு எத்தனையோ வருடமாக நடந்தது, இரண்டு தரப்பும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஆனால் அதற்குள் காக்காவின் ஆள்காட்டி விரல் பெட்டியின் பொத்தானுக்குப் போய்விட்டிருக்கும். கடைசி அடி முடிந்ததும் கசெட்டில் ஒரு காகம் கரையும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி உறுமும். "அல்லாஹு அக்பர்" என்று பின்னேர அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு எழும்பும். எழும்பிய மறு கணம் காக்கா டக்கென்று நிறுத்திவிடுவார். பாங்கு கேட்டால் பாட்டை நிறுத்துவது எங்கள் வீடுகளில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த மரியாதை. ரேடியோவில் எவ்வளவு நல்ல பாட்டுப் போனாலும் கை தானாக எழும்பும். அந்தக் கைக்கு, இந்தப் பாங்கு எழுபத்தெட்டாம் ஆண்டில் சொல்லிய பாங்கு என்றெல்லாம் வித்தியாசம் தெரியாது. காலை பத்து மணிக்கு அந்தப் பாங்கு கேட்டாலும், தலையணை வாங்க வந்த பெண்கள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். நோன்பு மாதத்தில் அவர் கசெட்டைத் தொடவே மாட்டார். "எவனாச்சும் அவசரக்காரன் கேட்டுட்டு நோன்பத் தொறந்திட்டானெண்டா பாவம் ஆருக்கு?" என்பார். நிறுத்தியதும் பின்னுக்குச் சுற்றி, எடுத்து, ஊதி, தலையணைக்குள் வைத்துவிடுவார். அவ்வளவுதான் கச்சேரி.

புல்புல்தாரா வாசித்தவர் பாண்டிருப்புக் கனகரெத்தினம். கல்முனையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளராக இருந்தார். கலியாணத்துக்கு மெத்தை தைக்கச் சொல்ல வந்தவர், காக்கா வேலை செய்துகொண்டே பாடுவதைக் கேட்டு, மெத்தைக்கு அளவு சொல்ல மறந்து திரும்பிப் போனார். அடுத்த நாள் அளவோடு ஒரு புல்புல்தாராப் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். மேலே தந்திகள், பக்கத்தில் தட்டெழுத்துப் பொறியில் உள்ளதுபோல் பொத்தான்கள். ஒரு கை பொத்தானை அமத்த மறு கை தந்தியை மீட்ட வேண்டும். பொத்தான் அமத்துவதில் அந்த மனிதரை யார் வெல்ல முடியும்? அதன் பிறகு கந்தோர் விட்டால் நேரே இங்கேதான். ஆனால் வாய் திறக்க மாட்டார். தலையாட்டுவார், சிரிப்பார், தேநீர் குடிப்பார், போவார். "கந்தோர்ல பகல் முழுக்க மத்த ஆக்கள்ர கதைய அடிச்சு அடிச்சு தன்ர கதைய மறந்திட்டான் அவன்" என்று காக்கா சொல்வார்.

ரேடியோ கசெட் பெட்டி சல்மா உம்மாவின் தம்பி காலிதீன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது, கசெட் அதற்கு முந்தி அவர் ஆள்வசம் அனுப்பியது. கசெட்டின் ஒரு பக்கத்தில் காலிதீன் அங்கிருந்து குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி சலாம் அனுப்பியிருப்பார். மறுபக்கம் வெறுமையாகக் கிடந்தது. லீவு முடிந்து போகும்போது பெட்டியை ராத்தாவான சல்மா உம்மாவிடம் விட்டுப் போனார். சூறாவளி அடித்த வருடம், அடிப்பதற்கு ஐந்தாறு மாதம் முந்தி, ஒரு பின்னேரம் நண்பர்கள் இருவரும் அதைப் பஞ்சு மூட்டையின் மேல் வைத்து, எந்தப் பொத்தான் எதற்கென்று சண்டை பிடித்து, ஒருபடியாக அந்த வெறும் பக்கத்தில் பதிந்துவிட்டார்கள்.

கார்த்திகையில் சூறாவளி வந்தது. காக்காவின் கூரை போனது. கலியாணங்களுக்குத் தைத்து அடுக்கிய மெத்தைகள் ஊர் வயலெல்லாம் கிடந்தன. சல்மா உம்மா ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒரு தலையணையை அக்குளிலும் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு ஓடினார். கசெட் அந்தத் தலையணைக்குள் இருந்தது அவருக்கே தெரியாது. இலவம் பஞ்சில் தண்ணீர் இலேசில் ஊறாது, அதனால் கசெட் தப்பியது, அலுமாரிக்குள் பெட்டியும் தப்பியிருந்தது. பாண்டிருப்பில் கனகரெத்தினத்தின் வீட்டுச் சுவர் புல்புல்தாராவின் மேல் விழுந்தது. அவர் பிறகு வேறொன்று வாங்கவில்லை. பின்னேரங்களில் வந்து, தன் வாசிப்பைப் பெட்டியில் கேட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போவார். அவருக்கும் பாங்கு வரைக்கும்தான் கச்சேரி. பொத்தானை அமத்தியதும் அவர் ஒரு மாதிரிச் சிரித்துக்கொண்டு எழும்புவார் என்று காக்கா சொல்வார். அந்தச் சிரிப்பைப் பற்றி அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கல்முனைச் சந்தைப் பக்கம் கசெட் பதிந்து கொடுக்கிற கடைகள் வந்த பிறகு நான் எத்தனையோ தரம் சொன்னேன், ஒரு கொப்பி எடுத்து வையுங்கள், இருப்பது ஒன்றே ஒன்று, நாடா அறுந்தால் அறுந்ததுதான் என்று. காக்கா சம்மதிக்கவில்லை. "கடைக்காரப் பொடியன் பாங்கு வந்தா நிப்பாட்டுவானா மாஸ்டர்? வாயில சிகரட்டோட விட்டுட்டு இருப்பான்" என்பார். கசெட்டை இரவல் கேட்டால் அதைவிட மோசம். கலியாண வீட்டுக்காரர்கள் கேட்டுப் பார்த்தார்கள், நான் கேட்டேன், காலிதீனே கேட்டார். "கேக்கணுமெண்டா இஞ்ச வந்து கேளுங்க. பஞ்சு மூட்டை கிடக்கு" என்பதே எல்லோருக்கும் பதில்.

எண்பத்தைந்துக் கலவரத்தில் எங்கள் முஸ்லிம் ஊருக்கும் அவர்களுடைய தமிழ் ஊருக்கும் நடுவில் பாதை அடைபட்டது. புகையைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை, இந்தப் பத்திரிகை வாசிக்கிறவர்களுக்கு அது தெரியும். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் விசாரிக்க மூன்றாம் ஆளைத் தேடினார்கள். கனகரெத்தினம் குடும்பத்தோடு மட்டக்களப்பில் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வருடம் அங்கேயே நெஞ்சு வலியில் இறந்தார். செய்தி காக்காவுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாட்கள் ஆகிவிட்டன. அன்றைக்கு அவர் கடையைத் திறந்தே வைத்திருந்தார், ஆனால் ஊசியை எடுக்கவில்லை. "கடைசியில மையத்து முகத்தையும் பார்க்கல்ல மாஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு பல மாதம் தலையணைக்குள் கை போகவே இல்லை. மறுபடி போகத் தொடங்கியபோது சல்மா உம்மாவும் தன் கேள்வியை மறுபடி தொடங்கினார். அவர் ஒரு புத்திசாலி என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

போன வருடம் பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய நாட்களில் ஒரு பகல். நான் வாங்கிய தலையணை ஒரு பக்கம் கட்டி விழுந்துவிட்டதென்று முறைப்பாட்டோடு போயிருந்தேன். காக்கா அதைக் காதில் வைத்து அமத்திப் பார்த்து, குற்றம் என் தலையில்தான் என்று நிறுவிக்கொண்டிருந்தார். அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். காக்கா ஊசியைப் போட்டுவிட்டு எழும்பினார்.

"தங்கச்சி" என்றார். அது கனகரெத்தினத்தின் மனைவி தவமணி.

சல்மா உம்மா திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்து அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பாண்டிருப்பில் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துவிட்டு வருவதாகவும், பின்னேர பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்றும் தவமணி சொன்னார். தேநீர் வந்தது. அதைக் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்துக்கு வந்தார்.

"காக்கா, அந்தக் கசெட் இரிக்கா?"

"இரிக்கி தங்கச்சி. கேப்பமா?"

"அதில அவர்ர குரல் இரிக்கா?"

தவமணி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படம் கிடக்கு காக்கா, கந்தோர்ல எடுத்தது. குரல்தான் ஒரு இடத்திலயும் இல்ல. அப்பாட குரல் எப்பிடி அம்மா இரிக்கும் எண்டு மகள் கேட்டாள். சொல்லத் தொடங்கினன், எனக்குச் சொல்லத் தெரியல்ல. முந்தி காதுக்குள்ள கேட்டுக்கிட்டே இரிந்திச்சு. இப்ப எனக்கும் மறந்து போகுது."

பொய் சொல்லியிருந்தால் காக்காவை நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். அவர் சொல்லவில்லை. "அதில அவன் வாய் தொறக்கல்ல தங்கச்சி. நான் 'தொடங்குவமா' எண்டு கேப்பன், அவன் தந்தியில அடிப்பான். அவன்ர கை மட்டுந்தான் அதில இரிக்கி" என்றார்.

"கையெண்டாலும் கேப்பம்" என்றார் தவமணி.

தலையணைக்குள் கை போனது. அன்றைக்குத் துழாவல் இல்லை. தேங்காய் துருவும் சத்தம், சைக்கிள் மணி, தொடங்குவமா, ஜிலீர். தவமணி பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே கேட்டார். புல்புல்தாரா தனியாகப் போகிற இடங்களில் அவருடைய இடது கை விரல்கள் சேலைத் தலைப்பில் அசைந்தன. பஞ்சு மெத்தைக் கவி வந்தது, முடிந்தது. சல்மா உம்மா அன்று கேள்வி கேட்கவில்லை. காகம் கரைந்தது. ஒலிபெருக்கி உறுமியது. அல்லாஹு அக்பர். டக்.

"ஏன் காக்கா நிப்பாட்டின?"

"பாங்கு தங்கச்சி. பாங்குக்குப் பாட்ட நிப்பாட்டணும்."

தவமணி தயங்கினார். அவர் வேறு சமயத்துக்காரர், மனம் நோகக் கேட்டுவிடக் கூடாது என்ற யோசனை முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கேட்டார்.

"பாட்டு அதுக்கு முதலே நிண்டுட்டுதே காக்கா. இப்ப நீங்க நிப்பாட்டினது பாங்கத்தானே?"

காக்கா பொத்தானில் இருந்த விரலைப் பார்த்தார். ஒன்பது வருடமாக, மரியாதை என்று நினைத்து, பாங்கின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த விரல் அது. பாங்கை இடையில் நிறுத்தலாமா என்று கேட்டால் அந்த மனிதர் நடுங்கிப் போவார். ஊர் முழுக்க அந்தக் கடையில் உட்கார்ந்து கேட்டது, நான் உட்பட, லெப்பை உட்பட. ஒருவருக்கும் தோன்றவில்லை. முக்காட்டுக்குள்ளிருந்து சல்மா உம்மாதான் முதலில் வாய் திறந்தார். "பதில் செல்லுங்க இப்ப" என்றார்.

"அதுக்குப் பிறகு என்ன இரிக்கி?" என்று தவமணி கேட்டார்.

"பிறகு ஒண்டுமில்ல. நான் தொழப் போயிட்டன்."

"அவர்?"

"இஞ்சதான் இருந்தான்."

"பொட்டி?"

காக்கா பெட்டியைப் பார்த்தார். "பொட்டிய ஆரும் நிப்பாட்டல்ல" என்றார், எங்களுக்கு அல்ல, தனக்கு. "நான் பள்ளியால வரக்குள்ள அது தானா நிண்டு கிடந்த."

ஆணியில் தொங்கிய தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை அமத்தினார். பாங்கு விட்ட இடத்திலிருந்து தொடங்கியது. அது முந்தி பள்ளியில் பாங்கு சொன்ன அபூசாலி மோதினாருடைய குரல். அவரும் மௌத்தாகி வருடங்களாகிவிட்டன, அந்தக் கரகரப்பை நாங்கள் எல்லோரும் மறந்துவிட்டிருந்தோம். காக்கா உதடு மட்டும் அசையப் பாங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். பாங்கு முடிந்தது. பெட்டிக்குள்ளிருந்து பழைய சீனிமுகம்மது, "வந்திர்ரன், எழும்பிராத" என்று யாருக்கோ சொன்னார். செருப்புச் சத்தம் தூரமாகியது. பிறகு வெறும் இரைச்சல். நாங்கள் அந்த இரைச்சலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பெட்டியில் சல்மா உம்மாவின் பழைய குரல் வந்தது. "அண்ணன், தேத்தண்ணி."

"அதில வையுங்க தங்கச்சி. ஆறட்டும்."

தவமணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். ஆழமான, சற்று மூக்கால் வருகிற, சாதாரணமான ஒரு குரல். அதற்கு மேல் அதில் ஒரு விசேஷமும் இல்லை. "ஆறட்டும்" என்றார் தவமணி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "எல்லாத்துக்கும் அந்த ஆறட்டும்தான் ராத்தா. ஆறட்டும் ஆறட்டும் எண்டு பச்சத் தண்ணியாக்கித்தான் குடிப்பார். நான் ஏசாத நாளில்ல."

அதோடு முடியும் என்றுதான் நினைத்தோம். பெட்டியில் ஒரு தந்தி தனியாக அதிர்ந்தது. தொண்டை செருமும் சத்தம். பிறகு கனகரெத்தினம் பாடத் தொடங்கினார். கூட்டாளி பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில், யாரும் கேட்கவில்லை என்ற தைரியத்தில், கூட்டாளியின் கவியை, அரைக் குரலில். பாட்டு அவருக்குச் சுத்தமாக வராது. சுருதி ஒரு பக்கம் போக அவர் ஒரு பக்கம் போனார். பஞ்சு மெத்தை தச்சுப் போட்டும், பாயில் வந்து படுக்கிறனே, நெஞ்சுக்குள்ள நீ கிடந்து. அந்த இடத்தில் நாடா முடிந்து, பெட்டியின் பொத்தான் தானாகவே டக்கென்று மேலே எழும்பியது.

மிச்சத்தை யாரும் பாடவில்லை. அந்த ஓர் அடியை ஊர் முழுக்கப் பாடிக் காட்டியவர் காக்கா. பொத்தானை அமத்தியபோதெல்லாம் கனகரெத்தினம் சிரித்த சிரிப்பு அவருக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும். தான் மாட்டிக்கொள்ளவில்லை என்ற சிரிப்பு அது. காக்கா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், பஞ்சு போக வேண்டிய அளவுக்கு மேல் துடைத்தார்.

பிறகு கசெட்டை எடுத்தார், ஊதினார், தலையணைக்குள் வைத்தார். வழமையாக அதோடு தலையணை மூலைக்குப் போய்விடும். அன்றைக்கு அவர் ஊசியை எடுத்து நூல் கோத்து, அத்தனை வருடமும் திறந்தே கிடந்த அந்தப் பிளவைத் தைக்கத் தொடங்கினார். மெத்தைத் தையல்போல அகல அகலமாக அல்ல, பிள்ளையின் சட்டைக்குத் தைப்பதுபோல் நெருக்கி நெருக்கி. எனக்குப் பதறியது. "காக்கா, சந்தைக்குப் போய் ஒரு கொப்பி எடுத்துட்டுக் குடுங்களன்" என்றேன்.

"பஸ் போயிரும் மாஸ்டர்."

"வேணாம் காக்கா" என்றார் தவமணி. "இஞ்சயே இரிக்கட்டும். நான் வந்து வந்து கேக்கிறன்."

"பாதை இண்டைக்குத் தொறந்திரிக்கி தங்கச்சி. நாளைக்கு எப்பிடியெண்டு ஆருக்குத் தெரியும்? புள்ள கேட்டாளெல்லவா, கேக்கட்டும். எனக்கு எல்லாம் பாடம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "பாங்கு வந்தா நிப்பாட்ட வேணாம். முழுக்க விடுங்க."

"குடுங்க, குடுங்க" என்றார் சல்மா உம்மா. "என்ர தம்பிட சலாமும் அதில இரிக்கி. அதுவும் சேந்து போகட்டும்." தவமணி அந்தத் தலையணையை நித்திரைப் பிள்ளையைப்போல் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நாடா தேய்ந்து போகும் முன் மட்டக்களப்பில் யாராவது ஒரு கொப்பி எடுத்தார்களா, தெரியாது. பாதை அதன் பிறகு இரண்டு தரம் அடைபட்டுத் திறந்துவிட்டது. காக்காவிடம் கேட்டால், "எடுத்திருப்பாங்க" என்கிறார். இன்னும் பாயில்தான் படுக்கிறார். அந்த 'நீ' யார் என்று சல்மா உம்மா இப்போது கேட்பதில்லை.

கவி கேட்டு வருகிறவர்களுக்கு அவரே பாடுகிறார், தைத்துக்கொண்டே. கடைசிக் கவி முடிந்ததும் ஊசியை மெத்தையில் குத்திவிட்டு, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பாங்கு முடியும் நேரம் வரைக்கும் பேசாமல் இருக்கிறார். புதியவர்கள் எல்லாம் முடிந்துவிட்டதென்று எழும்பப் பார்ப்பார்கள். கையைக் காட்டி இருத்திவிடுவார். பிறகு தொண்டையைச் செருமி, மூக்கால் வருகிற, சுருதி விலகிய ஒரு குரலில் அதே கவியை மறுபடி தொடங்குகிறார். பஞ்சு மெத்தை தச்சுப் போட்டும். பாயில் வந்து படுக்கிறனே. நெஞ்சுக்குள்ள நீ கிடந்து. அந்த இடத்தில் ஆள்காட்டி விரலால் பலகையில் டக்கென்று ஒரு தட்டுத் தட்டிவிட்டு, மெத்தையில் குத்தி நிற்கும் ஊசியை உருவி எடுக்கிறார்.